ஒரு குருமா குறிப்பு தேறுவது எப்படி?

சமையல் குறிப்பு எழுதுபவர் பெரும்பாலும் சமைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். அப்படியும் படிப்பவர் வீட்டு அடுப்பில் அது சொதப்புகிறது. பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி எதுவும் சேர்க்காத சமையலில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். குழம்பு சப்பென்று ஆகிவிட்டால் ஒரு கரண்டி தயிரையோ நெய்யையோ விட்டுச் சமாளிக்க இங்கே வழியில்லை. அதனால் ஒரு குறிப்பைப் பலர் படிக்கக் கொடுப்பதற்கு முன்னால் வரிவரியாகச் சோதிக்க வேண்டும். எதைச் சோதிப்பது, ஏன் என்பதெல்லாம் நம் ஊர்த் தண்ணீரோடும் தேங்காயோடும் சம்பந்தப்பட்ட அறிவியல்.

உதாரணத்துக்குப் பலாமூசு, அதாவது பிஞ்சுப் பலாக்காய், கொண்டைக்கடலை சேர்த்த குருமாவை எடுத்துக்கொள்வோம். பலாவும் முந்திரியும் பண்ருட்டிப் பக்கம் விளைவது, கடலூரிலும் புதுச்சேரியிலும் தாராளமாகக் கிடைக்கும். குறிப்பு வழக்கமாக இப்படி இருக்கும்: “ஒரு கப் கொண்டைக்கடலையை இரவே ஊற வைக்கவும். தக்காளி, அரைக் கிலோ பலாமூசு சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விடவும். முந்திரி விழுது, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்க வைத்து இறக்கவும். மட்டனுக்கு நிகரான புரதம் கிடைக்கும்.”

படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இதில் தேறுகிற வரி ஒன்றுகூட இல்லை.

முதலில் கப். சமையல் அளவுக் கப் என்று கடையில் விற்பது 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. பாட்டி காலத்து ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி. வீட்டு டம்ளர் எந்தக் கணக்கிலும் வராது. உப்பு இன்னும் மோசம்: ஒரு ஸ்பூன் கல்லுப்பில் கற்களுக்கு நடுவே காற்று இருப்பதால், ஒரு ஸ்பூன் தூளுப்பைவிட எடை குறைவு. கிராமில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அரைக் கிலோ பலாமூசு என்பதும் தோல் சீவுவதற்கு முன்பா, சீவி நடுத்தண்டை நீக்கிய பிறகா என்று சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

விசிலும் அளவு அல்ல. குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். கடலையை வேக வைப்பது அந்தச் சூடும் அது நீடிக்கும் நேரமும்தான். தீயைக் கூட்டி வைத்தால் நான்கு விசிலும் மளமளவென்று வந்துவிடும், உள்ளே கடலை அப்படியே இருக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் என்று எழுதுவதே சரி.

இப்போது நம் பக்கத்து வீடுகளின் உண்மையான தலைவலிக்கு வருவோம்: தண்ணீர். புதுச்சேரி லாஸ்பேட்டையில் கேன் தண்ணீரில் சமைப்பவருக்கு மெத்தென்று வெந்த அதே கடலை, கடலூர் தேவனாம்பட்டினத்தில் போர் தண்ணீரில் சமைப்பவருக்கு நறுக் நறுக்கென்று நிற்கலாம். கடலை பழசாக இருக்கும் என்று கடைக்காரரைத் திட்டுவோம். அதுவும் ஒரு காரணம்தான். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு வேக மறுக்கும், கடலோர ஊர்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் தண்ணீரையும் கவனிக்க வேண்டும்.

பயறின் செல்களைச் சுவரில் செங்கற்களைப் பிடித்துவைக்கும் சாந்துபோலப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். வேகும்போது பெக்டின் கரைந்து செல்கள் தனித்தனியாகக் கழன்றுகொள்வதைத்தான் நாம் ‘வெந்துவிட்டது’ என்கிறோம். கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். கால்சியம் பெக்டின் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை இறுக்கிக் கட்டிவிடும். அப்புறம் அது லேசில் கரையாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தால் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம். குடிக்கத் தகுந்தது என்று தேறும் இரண்டு தண்ணீருக்கு இடையிலேயே மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம் என்று அர்த்தம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உப்புக் கரிக்கும் தண்ணீரும் கடினத் தண்ணீரும் ஒன்றல்ல, கடலோரப் போர்க் கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே வருவதால்தான் ஒன்றாகத் தெரிகிறது. சோப்பு நுரைக்க மறுப்பது கடினத்தன்மையின் அடையாளம். சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. அதிலுள்ள சோடியம் கடலையின் தோலில் இருக்கும் கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. அதனால் நல்ல தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 15 கிராம் உப்புப் போட்டு ஊற வைத்துக் கழுவிய கடலை, வெறும் தண்ணீரில் ஊறியதைவிடச் சீக்கிரம் தோல் மிருதுவாகி வேகும். ‘உப்புப் போட்டால் பயறு வேகாது’ என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். அதைக் குறிப்பில் எழுதுவதற்கு முன் ஒருமுறை இரண்டு கிண்ணத்தில் ஊற வைத்துப் பார்த்துவிடலாம்.

உப்பின் மேல் சுமத்திய பழி உண்மையில் புளிப்புக்கு உரியது. அமிலம் பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். பருப்பு வெந்த பிறகே புளி கரைத்து ஊற்று என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். ஆக, தக்காளியையும் கடலையையும் ஒன்றாகக் குக்கரில் போடச் சொல்லும் அந்த வரி தவறு. கடலையைத் தனியாக வேக வைத்துவிட்டுத் தக்காளிக்குப் போக வேண்டும். ஆப்பசோடா போட்டால் எல்லாம் சீக்கிரம் குழையும், உண்மைதான். ஆனால் சோடாவின் காரத்தன்மை பி1 வைட்டமினை அழிக்கும், கூடுதலானால் வாயில் சோப்புச் சுவை அடிக்கும். எனக்குச் சோடா குறுக்குவழியாகவே படுகிறது. தண்ணீரை மாற்றிப் பார்ப்பது மேல்.

அடுத்தது தேங்காய்ப்பால். புதுச்சேரிக் குருமாவின் உயிரே அதில்தான் இருக்கிறது, கெடுவதும் அதில்தான். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வது அவற்றைச் சுற்றிப் படிந்திருக்கும் தேங்காயின் புரதம். சுமார் 80 டிகிரியைத் தாண்டினால் அந்தப் புரதம் உருமாறித் திரளும், காவல் போய்விடும். துளிகள் சேர்ந்து எண்ணெய் மேலே மிதக்கும், கீழே திப்பித் திப்பியாக நிற்கும். தக்காளியின் புளிப்பு இதை இன்னும் விரைவாக்கும். கொழுப்புக் குறைந்த இரண்டாம் பாலில் காயை வேக வைத்து, கெட்டியான முதல் பாலை அடுப்பைக் குறைத்தோ அணைத்தோ ஊற்றுவது நம் வீட்டு வழக்கம். அதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

முந்திரி விழுது இங்கே ருசிக்கு மட்டும் வருவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் குழம்பைக் கெட்டியாக்கும், கெட்டிக் குழம்பில் எண்ணெய்த் துளிகள் நகர்ந்து ஒன்றுசேர்வது கடினம். ஆகவே முந்திரி முதலில், தேங்காய்ப்பால் பிறகு. பாக்கெட் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் நிலைநிறுத்திகள் சேர்ந்திருக்கும், கொதித்தாலும் எளிதில் திரியாது. குறிப்பு எழுதியவர் பாக்கெட்டில் செய்து, படிப்பவர் துருவிப் பிழிந்தால் முடிவு வேறாகிவிடும். எந்தப் பால் என்று ஒரு சொல்லில் எழுதிவிட வேண்டும்.

‘இதற்குப் பதில் அது’ என்ற வரிகளில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. முந்திரி ஒத்துக்கொள்ளாதவருக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) விழுது என்று எழுதுவோம், ஆனால் மல்லாட்டையும் பலருக்கு ஒவ்வாமை தரும் என்பதைச் சேர்க்க மறந்துவிடுவோம். கொண்டைக்கடலைக்குப் பதில் ராஜ்மா போடலாம் என்பது அதைவிடக் கவனிக்க வேண்டியது. வேகாத ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற புரதம் சரியாக வேகாவிட்டால் கடுமையான வாந்தியையும் பேதியையும் வரவழைக்கும். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்தாக வேண்டும். கொதிநிலையைத் தொடாத மெதுவான சூட்டில் கிடத்துவது ஆபத்து. மாற்றுப் பொருளைப் போட்டு ஒருமுறை சமைத்துப் பார்க்காதவர் அந்த வரியை எழுதக் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கலாம் என்பதும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியது, கோதுமை ஆகாதவருக்கு அது பெரிய விஷயம்.

கடைசி வரி, ‘மட்டனுக்கு நிகரான புரதம்’. வெந்த பலாமூசின் நார் இறைச்சியைப்போல இழை பிரியும், மசாலாவை நன்றாகப் பிடிக்கும், அவ்வளவுதான். 100 கிராமில் புரதம் 2, 3 கிராம் அளவே. ஆட்டிறைச்சியில் 20 கிராம் அளவுக்கு இருக்கும். இந்தக் குருமாவில் புரதத்தைக் கொண்டுவருவது கடலைதான். அதிலும் ஒரு சறுக்கல் உண்டு: காய்ந்த கடலையில் 100 கிராமுக்கு 19, 20 கிராம் என்ற எண்ணைத் தட்டில் இருக்கும் வெந்த கடலைக்கும் போட்டுவிடுவார்கள். வெந்தது தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனத்திருக்கும், 100 கிராமில் 8, 9 கிராம்தான் தேறும்.

பி12 வைட்டமினில் இப்படித் தாராளம் காட்டினால் உடம்புக்கே கேடு. தாவர உணவில் நம்பத்தகுந்த அளவு பி12 இல்லை. ஆரோவில் பக்கம் கிடைக்கும் ஸ்பைருலினாவில் அது நிறைய இருப்பதாகச் சொல்வார்கள். ஸ்பைருலினாவில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றமளிக்கும் வேறு வடிவம், மனித உடலில் வேலை செய்யாது. பாலையும் விட்டுவிட்டவர்களுக்குப் பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ தேவை என்றுதான் எழுத முடியும்.

இரும்புச்சத்துக்கு மட்டும் சமையலறையிலேயே கை கொடுக்கலாம். கடலையிலுள்ள இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி உதவும், அந்த சி சூட்டில் அழியும். எனவே எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியச் சொல்லலாம்.

மீந்தால் என்ன செய்வது என்பதையும் குறிப்பிலேயே எழுத வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்த குருமாவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அக்கினி வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடு செய்தால் பால் மறுபடி திரியும். மறுநாளைக்கு வேண்டிய பங்கை முதல் பால் ஊற்றும் முன்பே தனியாக எடுத்து ப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அடுத்த நாள் கொதிக்க வைத்து இறக்கியதும் புதிதாகப் பிழிந்த பாலைக் கலந்துகொள்ளலாம்.