கண்ணாடி விரியனைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி

“வெள்ளம் வடிந்ததும் சேறு அள்ளப் போன சித்தப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் யாரும் தொடாதீர்கள் என்றார்கள். உயிர் ஊசலாடும்போது எதற்கு இந்தக் காத்திருப்பு?” ஊத்தங்கரைப் பக்கத்து வாசகரின் கேள்வி.

முதலில் பாம்பு வந்த வழி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப் பெய்தால் வரப்பிலுள்ள எலி வளை, புற்று எல்லாம் நிரம்பிவிடும். பாம்பு நீந்தி மேடு தேடும். எலியும் அங்கேதான் ஒதுங்கும். அந்த மேடு பல நேரம் நம் வீட்டு விறகு அடுக்கு, இல்லாவிட்டால் கேழ்வரகுத் தாள் போர். எல்லாமே விஷப்பாம்பு அல்ல. சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் விஷமில்லை. கூரை ஓடுகளையும் சாக்குகளையும் வெறுங்கையால் தூக்காமல் நீளக் கம்பால் புரட்டினாலே பாதி ஆபத்து போய்விடும்.

இனி அந்தக் குழாய். நம் ரத்தத்தில் உறைதலுக்கு உதவும் 12-ஆம் காரணி என்றொரு புரதம் உண்டு. கண்ணாடியின் பரப்பில் எதிர்மின் தன்மை இருப்பதால் அதில் ஒட்டியதும் இது விழித்துக்கொள்ளும். அது 11-ஆம் காரணியை எழுப்பும், 11 ஒன்பதை, 9 பத்தை. கடைசியில் ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் நூல் நூலாகத் திரிந்து வலையாகும். ரத்தம் தயிராக உறையும். வேடிக்கை என்னவென்றால், 12-ஆம் காரணி இல்லாமலே பிறந்தவர்களுக்குக் காயம் பட்டால் ரத்தம் வழக்கம்போல் நின்றுவிடும். குறை தெரிவது குழாயில் மட்டும்தான்!

கண்ணாடி விரியனின் விஷம் இந்த வரிசைக்கு நிற்பதில்லை. நேராகப் பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் தட்டி எழுப்பிவிடும். பந்தலுக்கு வைத்த கயிற்றையெல்லாம் ஒருவன் துண்டு துண்டாக நறுக்கி ஊர் முழுக்க இறைத்தது போல, உடலெங்கும் ஃபைப்ரினோஜன் வீணாகச் செலவாகித் தீர்ந்துவிடும். ரத்தத்தை உறைய வைக்கும் விஷம்தான் ரத்தத்தை உறையவிடாமலும் செய்கிறது. 20 நிமிடம் கழித்துக் குழாயை ஒருமுறை சாய்க்கும்போது ரத்தம் தண்ணீராக ஓடினால், கயிறு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

வேண்டியது 2 மில்லி ரத்தம். சுத்தமான, உலர்ந்த, புதுக் கண்ணாடிக் குழாய். பிளாஸ்டிக்கில் 12-ஆம் காரணி சரியாக விழிக்காது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் அப்படித்தான்: நல்ல ரத்தமும் உறையாது, தேவையில்லாமல் மருந்து ஏறும். நடுவில் ஆட்டிப் பார்த்தாலும் கெட்டது. முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது. விஷம் மெதுவாகவும் பரவும், திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள்.

உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து, வழக்கமாக 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லையே. மருந்து விஷத்தைக் கட்டும், தீர்ந்த கயிற்றைத் திரித்துத் தராது. அது கல்லீரலின் வேலை, சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து.

விஷக்கல்லால் பிழைத்தேன் என்பவர்களைக் கடித்தது சாரையாக இருக்கலாம், விஷம் இறக்காத விரியனாகவும் இருக்கலாம். கல்லுக்குப் போகிற நேரத்தில் கடிபட்ட காலை அசைக்காமல், கயிற்றால் இறுக்காமல், 108-ஐ அழையுங்கள். ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறும். வட்டாரவாரியாக அதை ஆராயப் பணம் ஒதுக்கத் தயங்குவது கஞ்சத்தனம் என்பேன்.

கட்டுவிரியன் விஷயத்தில் இந்தக் குழாய் வாய் திறக்காது. அதன் விஷம் நரம்பு முனைகளைத் தாக்குகிறது. ரத்தம் ஒழுங்காக உறையும். இரவில் தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் வயிற்றுவலி, இமை தானாகச் சரிகிறது என்றால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் உடனே செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெள்ளம் வடிந்த வாரங்களில் கட்டிலில் படுங்கள்; கட்டில் இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.