பனியில் தண்டு சாகும், ஃபூஷியா சாகாது

தென் சிலியிலும் அர்ஜென்டினாவிலும், கண்டத்தின் தென்கோடியான தியேரா டெல் ஃபூகோ வரைக்கும், ஈரமான காட்டோரங்களில் வளரும் புதர் ஃபூஷியா மெகல்லானிகா. சிவப்புப் புல்லிவட்டத்துக்குள் ஊதா இதழ்கள் சுருண்டிருக்க, பூக்கள் தலைகீழாகத் தொங்கும். அங்கே அதில் தேன் குடிக்க வருவது ஹம்மிங் பறவை. அயர்லாந்தின் கெர்ரி, கார்க் பகுதிகளிலும் இது சாலையோர வேலியாக ஆளுயரம் தாண்டி நிற்கிறது. கடல் காற்று அங்கே கடும் உறைபனியை அண்டவிடுவதில்லை.

கடலை விட்டு உள்நாட்டுக்குப் போனால் கதை வேறு. மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர் இறங்கும் தோட்டங்களில் இதே புதர் தரைமட்டம் வரை காய்ந்துவிடும். வசந்தத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து புதிதாகக் கிளம்பும். குளிர் தாங்கும் ஃபூஷியா என்று நாற்றுப் பண்ணைகள் விற்கும்போது தண்டு தாங்கும் என்று பொருளில்லை, தாங்குவது அடிப்பகுதிதான்.

உறைபனியில் முதலில் செல்களுக்கு இடையிலுள்ள நீர்தான் பனிக்கட்டியாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்க, செல் வற்றிச் சுருங்கி, அதன் சவ்வு சிதைகிறது. காற்றில் நிற்கும் தண்டுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. மண்ணோ கோடையின் வெப்பத்தை மெதுவாகத்தான் விடும். மேலே பனியோ, இலைதழை போன்ற மூடாக்கோ கிடந்தால், வெளியே மைனஸ் 12 என்றாலும் ஒரு சாண் ஆழத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும்.

ஆகவே மொட்டுகளை மண்ணுக்குள் வைப்பதுதான் முக்கியம். ஃபூஷியாவின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு அல்லது மூன்று இலைகள். இலை தண்டோடு சேரும் மூலையான இலைக்கக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு மொட்டு. இரண்டு கணுக்கள் புதைந்தாலே நான்கு முதல் ஆறு மொட்டுகள் பத்திரம். அதனால்தான் தொட்டியில் இருந்ததைவிட 5 முதல் 10 செ.மீ. ஆழமாக நடுகிறார்கள். இளந்தண்டை ஒரேயடியாகப் புதைத்தால் அழுகக்கூடும். குழிவாக நட்டு, தண்டு முற்ற முற்ற மண்ணை நிரப்புவதே நல்லது. வட அரைக்கோளத்தில் நடவு மே கடைசியிலோ ஜூனிலோ முடிந்துவிட வேண்டும்; இலையுதிர்காலத்தில் நட்ட செடி வேர் பிடிப்பதற்குள் பனி வந்துவிடும். களிமண்ணில் வடிகாலையும் கவனியுங்கள். குளிரில் பிழைத்த வேர்கூடத் தேங்கிய நீரில் மூச்சுமுட்டி அழுகிப்போகும்.

மேலே உள்ளதெல்லாம் காய்ந்த பிறகு அந்த வருடம் பூ எப்படி? ஃபூஷியா அந்தப் பருவத்தில் விட்ட புதுக்கிளையிலேயே பூக்கும். பெரிய இலை ஹைட்ரேஞ்சியா அப்படியில்லை. அது முந்தைய வருடமே மொட்டுக் கட்டிவிடுவதால், தண்டு கருகினால் பூவும் போச்சு. ஃபூஷியா ரகங்களான 'மிஸஸ் பாப்பிள்', வெள்ளைப் பூ 'ஹாக்ஸ்ஹெட்', முழங்காலைத் தொடாத 'டாம் தம்ப்' எல்லாமே தரையிலிருந்து கிளம்பி அதே கோடையில் பூக்கக்கூடியவை.

இலையுதிர்காலத்தில் கவாத்து செய்யவே கூடாது. காய்ந்த குச்சிகள் உதிரும் இலைகளைப் பிடித்துவைத்து அடியை மூடும். வெட்டினாலோ, இடையில் வெதுவெதுப்பான சில நாட்கள் வந்ததும் இளந்துளிர் விட்டு, அடுத்த பனியில் கருகும். கத்தரியை வசந்தத்தில் எடுங்கள். அதற்கு முன் குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் அதற்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டுங்கள், பழுப்பென்றால் தரையோடு.

மே மாதத்திலும் ஒன்றும் முளைக்கவில்லையே என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். சில செடிகள் ஜூனில்தான் செந்நிறக் குருத்தை நீட்டும். தாமதப் பனியில் அந்தக் குருத்து கருகினாலும் கீழ்க்கணுவில் மொட்டு மிச்சமிருந்தால் மறுபடி துளிர்க்கும். பூ சில வாரங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.