வோல்ட்மீட்டர் வயரை எங்கே கொடுப்பது?

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் எஞ்சினையும் ப்ரொப்பெல்லரையும் மாதக்கணக்கில் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வோல்ட்மீட்டர் வயரை மட்டும் கைக்கு எட்டிய இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்த விமானங்களுக்கு வருடா வருடம் செய்யும் கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷனில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

ஒரு ஆர்வி-7, கிட்டாக வாங்கி வீட்டில் கட்டும் சின்ன விமானம். பேனலில் எப்போதும் 13.6 வோல்ட்தான் வருகிறது, கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரியில்லை என்று நினைத்து, மீட்டர் 14.4 காட்டும்வரை ரெகுலேட்டரின் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றியிருந்தார் உரிமையாளர். பேட்டரி முனையில் அளந்தால் 15-க்கு மேல். சீல் செய்த பேட்டரி, பக்கவாட்டில் உப்பிப்போயிருந்தது. ரெகுலேட்டரில் எந்தப் பழுதும் இல்லை. மீட்டர் இருந்தது இ-பஸ்ஸில், அதாவது அவசியமான கருவிகளுக்கு மட்டும் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் தனி இணைப்பில்; எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் மெயின் பஸ்ஸிலிருந்து இ-பஸ்ஸுக்கு கரண்ட் ஒரு டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) வழியாக வருகிறது, சாதாரண சிலிக்கான் டயோடு 0.6, 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும்.

அப்படியானால் இ-பஸ் தப்பான இடமா? இல்லை, இ-பஸ் இருக்கும் விமானத்தில் நான் அங்கேதான் கொடுக்கச் சொல்வேன். பறக்கும்போது ஆல்டர்நேட்டர் நின்றால் என்ன செய்வீர்கள்? இ-பஸ் சுவிட்சைப் போட்டுவிட்டு மாஸ்டர் சுவிட்சை அணைப்பீர்கள், ஏனென்றால் பேட்டரியை மெயின் பஸ்ஸோடு சேர்த்துப் பிடிக்கும் கான்டாக்டரின் காயில் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் தின்னும். மெயின் பஸ் செத்துவிடும், அதில் மாட்டிய மீட்டரும் கூடவே செத்துவிடும். பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தே ஆகவேண்டிய நேரம் அது. அப்போது இ-பஸ்ஸுக்கு கரண்ட் டயோடு வழியாக வராமல் பேட்டரியிலிருந்து நேராக வருவதால் மீட்டர் காட்டுவது ஏறத்தாழ உண்மையான அளவு. லெட்-ஆசிட் பேட்டரி 11 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் காலியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியிலேயே நேராகக் கொடுத்தால் அளவு துல்லியம்தான், ஆனால் ஹேங்கரில் நிற்கும்போதும் மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆல்டர்நேட்டரில் கரண்ட் வெளியே வரும் பி முனையில் மட்டும் வேண்டவே வேண்டாம்: அங்கிருந்து பேட்டரி பக்கம் போகும் வயரின் ஃபியூஸ் போய்விட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் ஏறி நிற்கும். எங்கே கொடுத்தாலும் வயர் கிளம்பும் இடத்திலேயே சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். எர்த்தைப் பக்கத்தில் இருக்கும் தகட்டில் முறுக்காமல் பொது எர்த்துக்கே கொண்டுபோங்கள், இல்லையென்றால் லேண்டிங் லைட் போடும்போதெல்லாம் அளவு மாறும்.

லோ வோல்டேஜ் விளக்கு தனி விஷயம். அதை 13.0-க்கு வைப்பது வழக்கம்: ஆல்டர்நேட்டர் ஒழுங்காக ஓடினால் 13.8-க்குக் கீழே வராது, லெட்-ஆசிட் பேட்டரி தனியாக 13-ஐத் தாங்காது. விளக்கு இ-பஸ்ஸில் இருந்தால் டயோடு தின்பதையும் கணக்கில் எடுங்கள். லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 நிற்கும், அதற்கு 13.0 என்பது காலம் கடந்த எச்சரிக்கை.

முதல் பறப்புக்கு முன்னால் பேட்டரி முனைகளிலிருந்து ஃபியூஸ் போட்ட தற்காலிக வயரைக் காக்பிட்டுக்குள் இழுத்து மல்டிமீட்டரில் மாட்டுங்கள். ஆர்வி-7-இல் பேட்டரி எஞ்சின் பக்கம் இருக்கிறது, ப்ரொப்பெல்லர் சுற்றும்போது கையை அங்கே கொண்டுபோகக் கூடாது. எஞ்சினை ஓட்டி, லைட், பிட்டோ ஹீட் (வேகம் அளக்கும் குழாயின் ஹீட்டர்) எல்லாம் போட்டு, இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எஞ்சின் நின்றபிறகு இ-பஸ் சுவிட்சைப் போட்டு மாஸ்டரை அணையுங்கள். மீட்டர் இருட்டாகிவிட்டால் அன்றைக்கே வயரை மாற்றுங்கள்.