பனிக்கு அடியில் தண்ணீர்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் கால்நடை மருத்துவம் பார்ப்பவருக்குக் குளிர்காலம் முழுக்க நாய்ப் பாதம்தான் பிழைப்பு. பனியில் சறுக்கிப் போகும் ஸ்லெட் வண்டியை இழுக்கும் நாய்கள் நவம்பரிலிருந்து ஒவ்வொன்றாக நொண்டிக்கொண்டு வரும். விரலிடுக்கில் வெடிப்பு, முன்னங்கால் மணிக்கட்டில் வீக்கம், தோள்பட்டைப் பிடிப்பு, காது நுனியில் பனிக்கடி, அதாவது குளிரில் சதை உறைந்துபோவது. என்ன நடந்தது என்று கேட்டால், குளிரைக் குறை சொல்பவர்கள் குறைவு. "தெரியாத பாதையில் போனோம், தண்ணீரில் இறங்கிவிட்டோம்" என்பவர்கள்தான் அதிகம்.

மைனஸ் 30 டிகிரியில் ஏது தண்ணீர்? வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். இங்கே இதற்கு ஓவர்ஃப்ளோ என்று பெயர். ஓடை ஆழமில்லாத இடத்தில் அடிவரை உறைந்துவிடும். மேலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. அழுத்தம் ஏறி, விரிசல் வழியே பொங்கி, பனிக்கட்டியின் மேல் பரவிவிடும். நிறையப் பனி விழுந்து அதன் எடையில் பனிக்கட்டி அமிழ்ந்தாலும் இதே கதைதான். அதன்மேல் தூள்பனி கம்பளி போல மூடிக்கொள்வதால், வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும். குளிர் முற்ற முற்ற ஓடை இன்னும் ஆழமாக உறையும், தண்ணீர் இன்னும் மேலே வரும். "நல்ல குளிர், ஆறு கெட்டியாக இருக்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

போன பிப்ரவரியில் இதைக் காலாலேயே படித்தேன்.

என்னிடம் நாய்களைக் கொண்டுவரும் ஒருவர், 30 வருடமாக ஸ்லெட் ஓட்டுபவர், ஊருக்கு வடக்கே வொய்ட் மௌண்டன்ஸ் பக்கம் ஒரு நாள் ஓட்டத்துக்குக் கூப்பிட்டார். அவருக்கு எட்டு நாய், எனக்கு ஆறு. இருவருக்குமே அது புதுப் பாதை. காலையில் மைனஸ் 26. நாய்களுக்கு அது சுகமான வெயில்காலம் மாதிரி. பூஜ்யத்தை ஒட்டி வந்தால்தான் அவற்றுக்கு உடம்பு சூடேறிப்போய்த் திண்டாட்டம். கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மீன் கரைத்த வெந்நீர் கொடுத்தோம். வெறும் தண்ணீரை முகர்ந்துவிட்டுப் போய்விடும் நாய்கூட மீன்வாடை அடித்தால் கடைசிச் சொட்டுவரை நக்கிவிடும். அப்புறம் பாதவுறை. இந்தக் குளிரில் பனி மணல் போலச் சொரசொரப்பாகி விரலிடுக்கை அறுக்கும் என்பதால் என் ஆறு நாய்களின் 24 பாதத்துக்கும் துணியுறை மாட்டினோம். வெல்க்ரோ பட்டை தளர்ந்தால் உறை கழன்றுவிடும், இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

ஓட ஆரம்பித்த பிறகு இருக்கும் அமைதியைச் சொல்லி மாளாது. கட்டி வைத்திருக்கும்போது காதைக் கிழிக்கும் குரைப்பு, கயிற்றை அவிழ்த்த நொடியில் நின்றுவிடும். மூச்சு இரைக்கும் சத்தமும் சறுக்குக்கட்டை உரசும் சத்தமும்தான் மிச்சம். "ஜீ" என்றால் வலது, "ஹா" என்றால் இடது. கடிவாளம் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். வண்டியின் கைப்பிடியை மட்டும் எதற்காகவும் விடக் கூடாது. விழுந்தாலும் பிடித்துக்கொண்டு இழுபட வேண்டும். விட்டால் நாய்கள் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் காட்டில் தனியாக நிற்பீர்கள்.

மதியம்போல ஓர் ஓடைக்கரைக்கு வந்தோம். முன்னால் போகும் ஆசையில் நான்தான் முதலில் இருந்தேன். பழைய பாதை இடது பக்கம் கரைமேட்டில் ஏறிப் பனியில் மூடிக் கிடந்தது. வலது பக்கம் ஓடைமேலேயே பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலின் தடம், சாலை மாதிரி தெளிவாக. தலைமை நாய் ஜூனிப்பர் வேகத்தைக் குறைத்து, காதைப் பின்னுக்குத் தள்ளி, இடது பக்கம் ஒதுங்கியது. நான் "ஜீ" என்றேன். அது திரும்பி என்னைப் பார்த்தது. மறுபடியும் "ஜீ" என்றேன். சொன்னபடி கேட்டது.

இருபதடி போயிருப்போம். பனி வெள்ளையிலிருந்து சாம்பல் நிறமானது, வண்டி அமிழ்ந்தது, முழங்காலுக்குக் கீழே தண்ணீர். வலது பூட்ஸ் நிறைந்துவிட்டது. அந்த ஸ்னோமொபைல் வேகத்தில் தாண்டிப் போயிருக்கும், அவ்வளவுதான். தடம் இருப்பதால் பாதை நல்ல பாதை என்று ஆகிவிடாது.

தண்ணீருக்குள் நிற்கவே கூடாது. நாய்களை விரட்டி எதிர்க்கரை ஏறினோம். பனிக்கட்டியில் நங்கூரக் கொக்கி பிடிக்காது என்பதால் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தில் வண்டியைக் கட்டினோம். நான் பழக்கதோஷத்தில் நாய்களின் பாதத்தைப் பார்க்கக் குனிந்தேன். நண்பர் சத்தம் போட்டார். "முதலில் உன் காலைப் பார். உன் விரல் மரத்துப்போனால் அதுகளின் உறையை யார் கழற்றுவது?"

அவர் சொன்னபடி நனைந்த காலை உடனே காய்ந்த தூள்பனிக்குள் புதைத்துப் புரட்டினேன். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அந்தக் குளிரில் தூள்பனி ஒற்றுத்தாள் போல ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உதறிவிட்டு, சாக்ஸை மாற்றி, காய்ந்த கம்பளி சாக்ஸின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, ஈரப் பூட்ஸுக்குள் காலை விட்டேன். அதற்குள் அவர் பிர்ச் பட்டையை வைத்து நெருப்பு மூட்டியிருந்தார். நெருப்பில் காலைக் காட்டப் போனதற்கும் திட்டு விழுந்தது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும்.

நான் மனிதர்களுக்கு மருத்துவன் இல்லை. ஆனாலும் இங்கே எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம் இது. பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். உடம்புக்கு இதமான, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் வழியில் உருக்கவே கூடாது, அப்படியே மூடிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆரோரா எனும் வடதுருவ வானொளியைப் பார்க்க வருகிற நம்மூர்க்காரர்கள் ஒரு நாள் ஸ்லெட் சவாரிக்குப் பருத்தி சாக்ஸும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். பருத்தி ஈரத்தை விடாது. இறுக்கமாக இரண்டு சாக்ஸ் போடுவதைவிடத் தளர்வாக ஒரு கம்பளி சாக்ஸ் போடுவது நல்லது.

1925-இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்கு நாய் வண்டிகளில் கைமாறிக் கைமாறி டிப்தீரியா மருந்து போன கதையில் எல்லோரும் கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோ என்ற நாயைத்தான் சொல்வார்கள். எனக்கு முதல் கட்டம்தான் மனதில் நிற்கிறது. நெனானா என்ற ஊரிலிருந்து முதலில் வண்டியோட்டிப் புறப்பட்ட பில் ஷானனுக்குக் குதிரைகள் மிதித்துக் கெட்டுப்போன பாதை வாய்த்தது. வேறு வழியில்லாமல் அதைவிடக் குளிரான ஆற்றுப் பனிக்கட்டிமேல் இறங்கி ஓட்டினார். முகம் பனிக்கடியில் கறுத்துப்போயிற்று, நாய்களும் சில இறந்தன. அவ்வளவு அனுபவசாலியையே பாதை ஆற்றில் இறக்கிவிட்டது. என்னை இறக்கிவிட்டது பாதைகூட இல்லை, என் வாய்தான்.

புதுப் பாதைக்கு முந்தின நாள் அந்தப் பக்கம் போய்வந்த யாரையாவது கேளுங்கள். வரைபடத்தில் ஓடை எங்கே குறுக்கிடுகிறது என்று பாருங்கள். கைபேசியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்தால்தான் பேட்டரி நிற்கும். மூஸ் மான் வழியில் நின்றால் நின்றுவிடுங்கள், ஆழப் பனிக்குள் இறங்க மனமில்லாமல் அது நாய்களையே மிதிக்கும். 1985-இல் அலாஸ்காவின் ஐடிட்டராட் நாய் வண்டிப் பந்தயத்தில் சூசன் புட்சர் என்ற வீராங்கனையின் இரண்டு நாய்கள் அப்படித்தான் செத்தன, அவர் பாதியிலேயே விலகினார்.

என் கால் தப்பியது. நாய்களுக்கு ஈர உறைகளைக் கழற்றி, விரலிடுக்கில் கட்டிய பனி உருண்டைகளை எடுத்து, காய்ந்த உறை மாட்டினோம். ஈர உறை காலிலேயே இருந்தால் உறைந்து இறுகி ரத்தத்தை நிறுத்திவிடும். ஊர் திரும்பியதும் கடைசி நாயின் இடது பின்னங்காலில் பழைய உறை அப்படியே இருந்தது. 24-இல் 23-ஐத்தான் மாற்றியிருக்கிறேன். விரல்கள் வீங்கி வெளுத்திருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, சரியாயிற்று.

இப்போது உறை கழற்றும்போது ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே கழற்றுகிறேன். நண்பர் சிரிக்கிறார். ஜூனிப்பர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.