‘முன்னர்’ வேறு, ‘பிந்தாமல்’ வேறு

நல்லூரில் கொடியேற நாள் நெருங்கினால் யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் லீவுச் சண்டையும் கொடியேறிவிடும். இருபத்தைந்து நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அந்த இரண்டு நாளும் எல்லோருக்கும் வேண்டும். அறிவித்தல் பலகையிலோ இப்படி ஒரு விதி தொங்கும்: ‘அடுத்த மாத விடுமுறைக்கான விண்ணப்பங்கள் 15ஆம் திகதிக்கு முன்னர் சமர்ப்பிக்கப்படல் வேண்டும்.’ ஒருவர் 15ஆம் திகதி காலையில் படிவத்தை நீட்டுவார். “முன்னர் எண்டுதானே தம்பி போட்டிருக்கு, நேற்றோட சரி” என்று பதில் வரும். “இங்கிலிஷில 15 வரைக்கும் எண்டெல்லோ கிடக்கு, சேர்?” என்று இவர் கேட்பார். இரண்டு பேரும் சொல்வது சரிதான். பிழை மொழிபெயர்ப்பில்.

ஆங்கில மூலத்தில் இருப்பது ‘நொட் லேற்றர் தான்’ (not later than). அதில் 15ஆம் திகதி உள்ளடங்கும். அதை ‘முன்னர்’ என்று தமிழாக்கியவர் எங்கள் கையிலிருந்து ஒரு நாளைப் பறித்துவிட்டார். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றால், பொங்கலன்று வாளியும் தூரிகையுமாக நிற்கலாம் என்று யாராவது விளங்கிக்கொள்வார்களா? தமிழில் ‘அதற்கு முன்’ என்றால் அது தொடங்க முதல். இதில் மயக்கமே இல்லை. மயக்கமில்லாத சொல்லைப் பிழையான இடத்தில் வைத்ததுதான் குற்றம்.

சரி, ‘டெட்லைன்’ என்ற சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864 அளவில், சிறை முகாம்களில் கைதிகள் தாண்டினால் சுடப்படும் கோட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு அது பத்திரிகைக் கந்தோர்களுக்கு வந்து நேர எல்லையாயிற்று. தமிழில் அதற்குக் ‘கெடு’ என்கிறோம். ‘கெட்டுப்போதல்’ என்ற வினையிலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கடுவு’ என்று இதே பொருளில் சொல் இருக்கிறது. நமது கெடுவுக்கு அதுதான் உறவு. கெடுவே தவணைக் காலத்தைத்தான் குறிக்கும் என்பதால் ‘காலக்கெடு’ என்பது கேற்றுப் படலை என்பது மாதிரி; கேற்றும் படலையும் ஒன்றுதானே. வழக்கில் ஊறிவிட்டது, விட்டுவிடுவோம். ஆனால் ‘காலக்கெடு 15ஆம் திகதி’ என்று எழுதுவதைச் சும்மா விட மனமில்லை. கெடு ஒரு நீளம். 15ஆம் திகதி அந்த நீளத்தின் முனை. முனைக்குப் பெயர் இறுதித் திகதி.

இப்போது ‘க்குள்’ கட்சிக்காரர் எழும்புவார்கள். ‘15ஆம் திகதிக்குள்’ என்று போட்டால் சுருக்கமாயும் அழகாயும் இருக்கிறதே என்பார்கள். ‘ஏழு நாட்களுக்குள்’ என்றால் எனக்கும் சம்மதம். நாட்களின் தொகுதிக்கு உள்ளும் வெளியும் உண்டு, ஏழாம் நாளும் அதன் உள்ளேதான். ஒற்றைத் திகதிக்கு எது உள்ளே, எது வெளியே? பத்துப் பேரைக் கேட்டால் சிலர் 15ஐச் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். லீவு விதிக்கு அது ஆகாது. வேறு சிலர் ‘தாமதமின்றி’ என்று எழுதுகிறார்கள். அது சுணங்காமல் செய் என்ற கட்டளை. எந்த நாள் கடைசி என்று அது சொல்லவே சொல்லாது. ‘15ஆம் திகதியன்று அல்லது அதற்கு முன்னர்’ என்பது சரியானது, சட்டத்துக்குப் பொருந்தும். சிங்களத்தில் ‘ஹோ ஈட்ட பெர’ என்று வருவதும் இதுதான். ஆனால் அவசரத்தில் தமிழாக்குபவர் முதலில் வெட்டுவது அந்த ‘அன்று அல்லது’வைத்தான்.

இத்தனைக்கும் நல்ல சொல் எங்கள் வாயிலேயே கிடக்கிறது. பஸ் பிந்திப்போச்சு என்கிறோம். பிந்தி வந்த பிள்ளையை அதிபர் படலையில் மறிக்கிறார். பேப்பரில் ‘பிந்திக் கிடைத்த செய்தி’ வருகிறது. முன் என்பதிலிருந்து முந்து, பின் என்பதிலிருந்து பிந்து. ‘15ஆம் திகதிக்குப் பிந்தாமல்’ என்றால் 15 போனால்தான் பிந்தியது, 15 அன்று பிந்தவில்லை. ஆங்கிலம் சொன்னதும் அதேதான். ‘முன்னர்’ என்பதைவிட ஓர் எழுத்துக் கூட, அவ்வளவுதான். பேச்சுச் சொல் என்று ஒதுக்குகிறார்கள் போலும். உத்தியோகத் தமிழ் என்றால் வாயில் வராத சொல்லாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்களோ.

லீவையே பாருங்கள். தமிழ்நாட்டைப் பார்த்து ‘விடுப்பு விண்ணப்பம்’ என்று அச்சடிக்கும் ஆசை இங்கும் சிலருக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் ஊர்ப்புதினம். விடுப்புப் பார்க்க விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவரை நான் இன்னும் காணவில்லை. ‘விடுமுறை’ என்றாலோ பள்ளிக்கூடப் பூட்டும் போயா நாளும் சேர்ந்து குழம்பும். எனக்கு லீவே போதும்.

கெடு விதியில் குழப்பம் ‘முன்னர்’ ஒன்றோடு முடிவதில்லை. ‘குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்’ என்று இருந்து, லீவு 20ஆம் திகதி என்றால், 13ஆம் திகதி கொடுப்பது போதும் என்று ஒருவர் எண்ணுவார். நடுவில் ஏழு முழு நாள் இருக்க வேண்டும் என்றால் 12. வேலை நாளா, நாட்காட்டி நாளா என்பது அடுத்த கேள்வி. கடைசி நாளில் கந்தோர் பூட்டு என்றால்? சட்டம் விதித்த கெடு அப்படி முடிந்தால், திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டம் கொள்கிறது. ஆனால் அது எழுத்துச் சட்டங்களுக்கும், நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் செய்ய வேண்டிய காரியங்களுக்கும் உரியது. ஒரு கம்பனி தானே எழுதித் தொங்கவிட்ட விதிக்கு அது தானாக வந்து ஒட்டாது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடாந்த லீவு 14 நாள் என்று தருகிறது. படிவத்தை எந்தத் திகதியில் நீட்டுவது என்ற சண்டை பெரும்பாலும் அந்தந்தக் கந்தோரின் சுற்றறிக்கையில்தான்.

ஆகவே சுற்றறிக்கை எழுதுபவர்கள் இப்படி எழுதட்டும்: ‘அடுத்த மாத லீவு விண்ணப்பங்கள் இம்மாதம் 15ஆம் திகதி பி.ப. 4.00 மணிக்குப் பிந்தாமல் நிர்வாகப் பிரிவுக்குக் கிடைக்க வேண்டும். அன்று கந்தோர் பூட்டாயின் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம்.’ ‘கிடைக்க’ என்பதைக் கவனியுங்கள். அனுப்பிய நாளா, கிடைத்த நாளா என்ற அடுத்த சண்டைக்கு அங்கேயே பூட்டுப் போட்டாயிற்று.