ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்ன செய்வது?

தூக்கம் வரவில்லை என்று சொல்லித்தான் அவர் என்னிடம் வந்தார். பள்ளி ஆசிரியர், வயது 40ஐத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊர். தாத்தா சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தவர். இவரும் சிறுவயதிலிருந்தே கோயிலில் பாடகர் குழுவில் இருக்கிறார். (யாரென்று தெரிந்துவிடாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். கீழே வரும் மற்றவர்களுக்கும் இது பொருந்தும்.)

முதல் மூன்று முறையும் பள்ளிக்கூடம், மேலதிகாரி, சர்க்கரை அளவு என்று பேசிவிட்டுப் போனார். நான்காவது முறை, கிளம்ப எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அவருடைய தம்பி இறந்துபோயிருக்கிறார். ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க ஊரே உபவாசம் இருந்து ஜெபித்திருக்கிறது. "எங்க ஜெபத்துல கொறையா மேடம், இல்ல கேக்கதுக்கே ஆள் இல்லையா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அதக்கூட விடுங்க. இனி ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்கு என்ன செய்யன்னே தெரியல."

உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் இத்தனை வருடத்தில், நம்பிக்கை ஆட்டம் கண்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பயத்தை இவ்வளவு நேராகச் சொன்னவர் இவர்தான். கடவுள் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. நாளைக்கு எழுந்து எதற்காகக் குளித்துக் கிளம்ப வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் மனிதனால் பல வருடம் இருக்க முடியும். இரண்டாவது அப்படிக் காத்திருக்காது, விடிந்தால் வந்து நிற்கும். வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். முதல் கேள்வியைத் தீர்த்தால்தான் இரண்டாவதைத் தொடவே முடியும் என்று நினைத்து, தீராத ஒன்றை ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

நம் ஊரில் நம்பிக்கை என்பது மனதுக்குள் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. அந்த ஆசிரியருக்கு அது சனிக்கிழமை மாலைப் பாட்டுப் பயிற்சி, டிசம்பரில் வீடு வீடாகப் போகிற கேரல், கோயிலில் ஊர் கூடிச் சாப்பிடுகிற அசன விருந்துக்கு விடிய விடிய காய் நறுக்குவது. நடக்க முடியாத மூன்று பாட்டிமாரைத் தன் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போய் விடுவார். எல்லாவற்றுக்கும் மேல், தம்பியை ஒருநாள் திரும்பப் பார்ப்போம் என்ற உறுதி. இதைச் சொல்லும்போதுதான் அவர் உடைந்து அழுதார். நம்பிக்கை போனால் தம்பி இரண்டாம் முறை செத்துப்போகிறார். முதல் சாவுக்கு ஊர் கூடி வந்தது, தோளில் சாய்த்துக்கொண்டது. இரண்டாவது சாவை யாரிடமும் சொல்லக்கூட முடியாது. வாசலில் பந்தல் இல்லை, துக்கம் கேட்க வருகிறவர் இல்லை. கூடத்தில் அம்மா சத்தமாக ஜெபித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து நடிக்க வேண்டும்.

அதனால் நான் இதைத் துக்கமாகவே எடுத்துக்கொள்கிறேன். துக்கத்துக்கு என்ன செய்வோமோ அதைத்தான் இதற்கும் செய்ய வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, வாதாடக் கூடாது, பக்கத்தில் இருக்க வேண்டும்.

இது நோயா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் சமய, ஆன்மிகச் சிக்கல் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நம்பிக்கையை இழப்பதும் கேள்வி கேட்பதும் அதில் வருகின்றன. அவை நோய்ப் பட்டியலில் இல்லை, உதவி தேவைப்படக்கூடிய வாழ்க்கைச் சிக்கல் என்ற இடத்தில் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். "புத்தி கெட்டுப்போச்சு" என்று வீட்டில் திட்டு வாங்கி வருகிறவரிடம், உங்களுக்கு நோய் இல்லை என்று சொல்வதே பாதி பாரத்தை இறக்கிவிடும்.

ஆனால் இதே சட்டையைப் போட்டுக்கொண்டு நோயும் வரும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரையை முக்கியமாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். 30 வருடமாக விடிகாலையில் குளித்து, நாமம் இட்டு, பாசுரம் சொல்லாமல் காபி குடிக்காதவர். "சேவிக்கப் போனாலும் மனசு ஒட்டலைம்மா, பெருமாள் என்னைக் கைவிட்டுட்டார்" என்றார். மற்றதை விசாரித்தேன். மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாட்டில் ருசி இல்லை. பேத்தி வந்தாலும் சந்தோஷம் இல்லை. பேப்பர் படிக்க முடியவில்லை. அவருக்கு விட்டுப்போனது பக்தி மட்டும் இல்லை, எதிலுமே ஒட்டுதல் இல்லை. இது மனச்சோர்வு நோய். இப்படிப்பட்ட நிலை 2 வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கிய அன்றே பலன் தெரியாது, சில வாரங்கள் ஆகும். அதற்குள் "மாத்திரையும் கைவிட்டுடுச்சு" என்று நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மாதம் கழித்து அவர் வந்தபோது நெற்றியில் பழையபடி நாமம் இருந்தது. எல்லோருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்ல மாட்டேன். மனச்சோர்வு தீர்ந்த பிறகும் சந்தேகம் அப்படியே இருக்கிறவர்களும் உண்டு. அப்போது அதைத் தெளிந்த மனதோடு யோசிக்கலாம்.

இன்னொரு பெண், 26 வயது. பூஜை அறைக்குள் நுழைந்தாலே அம்மன் படத்தைப் பற்றி அசிங்கமான எண்ணம் வருகிறது. பதறிப்போய் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து 108 முறை. "நான் நாத்திகம் ஆயிட்டேனா? சாமி குத்தமா?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள அதே எண்ணம் திரும்பி வந்து, அதைக் கழுவ ஒரு சடங்கைச் செய்யவைப்பது எண்ணச் சுழற்சி நோய் (ஆங்கிலத்தில் OCD). இது யாருக்கு எது மிகப் புனிதமோ அதையே பிடித்துக்கொள்ளும். இஸ்லாமியர்களில், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுகிற ஒளுவைச் சரியாகச் செய்தேனா என்று திரும்பத் திரும்பக் கழுவுகிறவர்கள் உண்டு. ஒரே பாவத்தை நாலைந்து முறை பாதிரியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற கத்தோலிக்கர்களும் உண்டு. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மருந்தும், எண்ணம் வந்தாலும் பரிகாரம் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குகிற முறையும் பலன் தருகின்றன. அந்தப் பெண்ணின் வீட்டில் பரிகாரம் பரிகாரமாகச் செய்து நோயை வளர்த்திருந்தார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அப்புறம், எந்தக் காரணத்தால் இருந்தாலும் சரி, "இனி வாழ்ந்து என்ன" என்ற பேச்சு வந்தால் வேதாந்தம் பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். பல பேருக்குக் கேட்பதற்கு ஒரு ஆள் வந்ததே நிம்மதி. ஆமாம் என்றால் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்பது டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண். 2022இல் தொடங்கியது, கட்டணம் கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியரிடம் திரும்பி வருகிறேன். என்னிடம் வருவதற்கு முன் அவர் இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறார். ஒரு ஆலோசகர் வேத வசனங்களை எழுதிக் கொடுத்து, தினம் ஒன்று தியானிக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், "நல்லதாப் போச்சு, இப்பத்தான் முழிச்சிருக்கீங்க" என்று கை குலுக்கியிருக்கிறார். இரண்டு பேருமே அவர் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் வேலை யாருக்கும் நம்பிக்கையை ஊட்டுவதோ உருவுவதோ இல்லை. இதைச் சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தையை இழந்த ஒரு தாயிடம் "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

நம்பிக்கை போனவர்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள் என்று ஆசிரியர் ஒருநாள் கேட்டார். இரண்டு பேரைச் சொன்னேன். ஒருவர் ஆந்திரத்துக் கோரா. 1940இல் கிருஷ்ணா மாவட்டம் முதுனூரில் நாத்திக மையத்தைத் தொடங்கியவர். கடவுள் இல்லை என்ற தன் கருத்தை காந்தியிடமே போய் விவாதித்தவர். தீண்டாமை ஒழிப்பும் சமபந்தி விருந்துமாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழ நேரமே இருந்திருக்காது. இன்னொருவர் அன்னை தெரசா. அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் உலகுக்கு அது தெரிந்தது. ஏறத்தாழ 50 வருடம், ஜெபத்தில் கடவுளின் இருப்பையே உணராமல், அந்த வறட்சியோடு அவர் கொல்கத்தாத் தெருக்களில் வேலை பார்த்திருக்கிறார். ஒருவர் மறுத்தவர், ஒருவர் கடைசிவரை விடாதவர். இரண்டு பேருக்கும் காலையில் எழுந்தால் யாரோ ஒருவர் காத்திருந்தார்கள். அன்னை தெரசாவைப் பற்றிச் சொன்னதை ஆசிரியர் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்துவிட்டு, "அவங்களுக்கேவா மேடம்?" என்று போன் செய்தார்.

நாங்கள் செய்தது சின்ன வேலைதான். பழைய ஞாயிற்றுக்கிழமையை மணிக்கணக்காக ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதியதில் எதையெல்லாம் செய்ய நம்பிக்கை கட்டாயம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவரையே குறிக்கச் சொன்னேன். விசுவாசப் பிரமாணம் சொல்வது, திருவிருந்து எடுப்பது, இரண்டும் இப்போது முடியாது என்று குறித்தார். பையன்களுக்கு சோல்பா (பாட்டுக்கான மேற்கத்திய சுர முறை) சொல்லிக்கொடுப்பது? ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு வேண்டாம்" என்றார். பாட்டிமாரைக் காரில் கூட்டிப்போவது? சிரித்துவிட்டார். பல மாதம் கழித்து நான் பார்த்த முதல் சிரிப்பு.

பிரச்சினை இதோடு தீரவில்லை. நம்பிக்கை இல்லாமல் கோயிலுக்குள் நிற்பது போலித்தனமா என்று அவரே தன்னைக் குடைந்துகொண்டார். ஊருக்குத் தெரிந்தால் மகள் கல்யாணம் என்னாகும் என்ற கவலை இருக்கிறது. "செத்தா கல்லறைத் தோட்டத்துல எடம் குடுப்பாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் சில்லறைக் கேள்வி. தம்பி பக்கத்தில் படுக்க முடியுமா என்றுதான் அவர் கேட்கிறார். நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பெற்றவர்களும் வாழ்க்கைத் துணையும் தயவுசெய்து இரண்டு விஷயத்தைச் செய்யாதீர்கள். "அப்ப நாங்க வளத்ததெல்லாம் வீணா?" என்று கேட்காதீர்கள். பாஸ்டரையோ, ஹஜ்ரத்தையோ, சாமியாரையோ அவருக்குச் சொல்லாமல் வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். அவர் தானாகக் கேட்டால் அது வேறு. நல்ல சமயப் பெரியவர்கள் பலர் என்னைவிடப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள். சந்தேகப்படுகிறவருக்கும் ஒரு வேண்டுகோள். தூக்கம் கெட்டுக் கிடக்கிற இந்த வாரத்திலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டாம். ஊரைக் கூட்டி அறிவிக்கவும் வேண்டாம், இனி சந்தேகமே படமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். நம்பகமான ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஆசிரியர் இப்போது தூங்குகிறார். போன அசனத்துக்குக் காய் நறுக்கப் போயிருந்தார், பாடவில்லை. ஞாயிறு காலையில் பாட்டிமாரை இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பையன்கள் சுருதி தப்பினால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லையாம். கடவுளைப் பற்றிய கேள்வி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அப்படியேதான் இருக்கு" என்றார். அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதுதான் இப்போதைய பேச்சு. அடுத்த வியாழக்கிழமை அதைப் பேசலாம் என்று வைத்திருக்கிறோம்.