ராட்டிஃபை: ஒப்புதலா, பின்னேற்பா, ஏற்புறுதியா?

‘வட்டார வணிக ஒப்பந்தத்தை அங்கீகரிக்குமாறு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அதிபர் வலியுறுத்தல்.’ இந்த வகைச் செய்தி ஆண்டுக்கு இரண்டு மூன்றாவது வந்துவிடுகிறது. தலைப்பில் அங்கீகாரம், முதல் பத்தியில் ஒப்புதல், அதற்கடுத்த பத்தியில் நிறைவேற்றம். மூன்றுக்கும் ஆங்கில மூலத்தில் இருந்தது ஒரே சொல்: ராட்டிஃபை (ratify).

லத்தீனில் ‘ராட்டுஸ்’ என்றால் தீர்மானமானது, உறுதியானது. ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உறுதியாக்குதல், அவ்வளவுதான்.

பன்னாட்டுச் சட்டத்தில் இதற்குக் குறுகிய பொருள் உண்டு. ஒரு நாடு தான் ஓர் உடன்படிக்கைக்குக் கட்டுப்படுவதாகப் பிற நாடுகளுக்கு முறைப்படி அறிவிக்கும் செயல் அது. உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை கட்டுப்படும் வழிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: கையெழுத்து, ராட்டிஃபிகேஷன், ஏற்பு, ஒப்புதல், பின்னர் வந்து சேர்தல். ஒப்புதல் அங்கே தனிச் சொல்லாகவே நிற்பதைப் பாருங்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் 2020இல் கையெழுத்திட்ட ஆர்செப் (RCEP) என்னும் வட்டார வணிக ஒப்பந்தத்திலும் ‘ராட்டிஃபிகேஷன், ஏற்பு அல்லது ஒப்புதல்’ என்று மூன்றும் ஒரே வரியில் வருகின்றன. முதலாவதையும் ஒப்புதல் என்று எழுதிவிட்டால் மூன்றாவதுக்கு என்ன செய்வது? ‘ஒப்புதல், ஏற்பு அல்லது ஒப்புதல்’ என்றா?

இன்னொரு சிக்கல், யார் செய்வது என்பது. பிலிப்பைன்ஸில் ஆர்செப்பில் ராட்டிஃபை கையெழுத்தைப் போட்டவர் அதிபர் துதெர்தே, 2021 செப்டம்பரில். அந்த நாட்டு அரசமைப்பின்படி செனட் தருவது இசைவு மட்டும். அதற்கு மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். துதெர்தே பதவிக்காலத்தில் அது கிடைக்கவில்லை. அடுத்து வந்த அதிபர் மார்க்கோஸ் அரசின் காலத்தில், 2023 பிப்ரவரி 21 அன்று, 20 பேர் ஆதரித்து, ஒருவர் எதிர்த்து, ஒருவர் விலகி நிற்க, இசைவு வந்தது. ஜூன் 2 முதல் அந்த நாட்டுக்கு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. செனட்டே ‘ராட்டிஃபை செய்தது’ என்று ஆங்கில ஏடுகளே எழுதும்போது தமிழ் ஏட்டை மட்டும் திட்டுவது நியாயமில்லைதான். ஆனால் இசைவு என்ற அருமையான சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறதே!

சரி, தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘பின்னேற்பு’க்கு வருவோம். அழகாக இருக்கிறது, சுருக்கமாக இருக்கிறது, வடசொல் கலப்பும் இல்லை. எனக்கும் அங்கீகாரத்தைவிட அது மேல் என்றே தோன்றும். பள்ளிக்கும் அங்கீகாரம், கட்சிக்கும் அங்கீகாரம், புதிய நாட்டுக்கும் அங்கீகாரம் என்று அந்தச் சொல் தேய்ந்து கிடக்கிறது. ஆனால் பின்னேற்பு பிறந்த வீடு வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 196ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் என் அனுமதி இல்லாமலே எனக்காக ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறார். அப்புறம் நான் அதை என்னுடையதாக ஏற்கிறேன். அது பின்னேற்பு, சந்தேகமே இல்லை. உடன்படிக்கையில் நடப்பது அதுவா? கையெழுத்திட்டவர் அதிகாரம் பெற்றே கையெழுத்திட்டார். அனுமதியின்றி நடந்த எதையும் யாரும் பின்னால் பூசி மெழுகவில்லை. இரண்டு படிகள் என்று முதலிலேயே பேசி, இரண்டாம் படியில் உறுதி தருகிறார்கள். ‘பின்’ என்ற முன்னொட்டு, நடந்து முடிந்ததற்குத் தலையாட்டும் தொனியைக் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு பிரதமர் அவையில் நின்று மன்றாடும்போது முடிவு இன்னும் உறுப்பினர்கள் கையில்தான் இருக்கிறது. பசிபிக் கூட்டாண்மை (TPP) என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்துக்காக 2016இல் பிரதமர் அபே ஜப்பான் நாடாளுமன்றத்தில் போராடினார். டிசம்பரில் ஒப்புதல் வாங்கினார். 2017 ஜனவரி 20இல் உள்நாட்டு நடைமுறை முடிந்ததை அரசு முறைப்படி அறிவித்தது. மூன்று நாளில் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. நாடாளுமன்றம் தந்தது ஒப்புதல், அரசு செய்தது அதற்கடுத்த செயல். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டினால் கதையே புரியாது.

ஆகவே என் வாக்கு ஏற்புறுதிக்கு. இது நான் உண்டாக்கிய சொல் இல்லை, ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது. ஏற்பு இதிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் எடை விழுவது உறுதியின்மேல், லத்தீன்காரனும் அங்கேதான் வைத்தான். ‘ஏற்புறுதி செய்தது’ என்று வினையாகவும் சிரமமின்றி வரும். அதிபர் ஏற்புறுதி செய்கிறார், அவை இசைவு தருகிறது.

‘நிறைவேற்று’ மட்டும் வேண்டவே வேண்டாம். சட்ட முன்வடிவை நிறைவேற்றலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது என்றால் சொன்னபடி நடந்துகொள்வது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ‘ஃப்ரீ டிரேட்’ என்னும் தடையற்ற வணிகத்தை ‘சுதந்திர வர்த்தகம்’ ஆக்குகிறவர்களிடம் இதைச் சொல்லி என்ன பயன்? ‘இலவச வர்த்தகம்’ என்றுகூடக் கணினி மொழிபெயர்ப்பு தருகிறது, அதைத் திருத்தாமல் ஏற்றிவிடுகிறார்கள்.

நம் ஏடுகளுக்கு இந்தச் சொல் பழகாமல் போனதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்தியாவில் உடன்படிக்கை செய்வது ஒன்றிய அரசின் அதிகாரம்; அதற்கு நாடாளுமன்றத்தின் இசைவை முன்கூட்டியே பெறுவது கட்டாயமில்லை. செயல்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால்தான் அரசமைப்பின் 253ஆம் உறுப்பின்படி அவைக்கு வரும். 2009 ஆகஸ்டில் ஆசியானுடன் பாங்காக்கில் கையெழுத்தான சரக்கு வணிக ஒப்பந்தமும் அவையின் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உறுப்பினர்களிடம் பிரதமர் வாக்குக் கேட்டு நிற்கும் காட்சி இங்கே இல்லாததால், அதற்கான சொல்லை வெளிநாட்டுச் செய்தி வரும்போது மட்டும் அவசரமாகத் தேடுகிறோம்.